கரை போட்ட கடிதங்கள்

இறந்து ஏறக்குறைய நூறு வருடமான ஓர் ஆங்கில நாடகக்காரர்தான் என் மகளின் அரங்கேற்றத்தைக் குழப்பப் பார்த்தார். அவர்மீது வழக்குப் போட முடியாது. ஆகவே பழி இன்றுவரை என்னோடுதான் இருக்கிறது.

நான் அப்போது ஒஸ்லோவில் ஓர் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில் வேலை பார்த்தேன். உணவகத்தில் கோப்பை கழுவி, முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்து, ஒருவழியாகக் கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னை எடுத்தார்கள். ஆங்கிலம் தெரிந்த நோர்வேக்காரர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் அந்த நாடகக்காரரின் கையெழுத்தை வாசிப்பதற்கு, பத்தாம் வகுப்புப் பையன்களின் பரீட்சைத் தாள்களை வருடக்கணக்கில் திருத்திக் கெட்டுப்போன கண் வேண்டியிருந்தது.

விக்டோரியா மகாராணி காலத்து இலண்டனில் நாடகக் கொட்டகையைத் தானே எடுத்து நடத்தி, நடிகர்களுக்குத் தானே சம்பளம் கொடுத்து, நாடகத்தையும் தானே தேர்ந்து, கடைசியில் தலைமை வேடத்தையும் வேறு யாருக்கும் விடாமல் தானே கட்டிக்கொள்ளும் ஒரு சாதி மனிதர் இருந்தார்கள். எங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரையும் ஒரு படத் தயாரிப்பாளரையும் சேர்த்துக் குழைத்தால் வருகிற ஆள். இவரும் அப்படி ஒருவர். கோடை வந்தால் நோர்வேக்கு சால்மன் மீன் பிடிக்க வருவார். ஆற்றங்கரையில் ஒரு மர வியாபாரியின் வீட்டில் தங்குவார். இலண்டன் திரும்பியதும் வியாபாரிக்கும் மனைவிக்கும் கடிதம் எழுதத் தொடங்குவார், அடுத்த கோடை வரைக்கும். அந்த வீட்டின் பேரப்பிள்ளைகள் பரணில் கிடந்த பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, வாசித்து, கணினியில் தட்டுவது என் வேலை.

நான் இரண்டு குளிர்காலம் அந்தப் பெட்டிகளுக்குள் குடியிருந்தேன். நாடகம் முடிந்ததும் அவர் கொடுக்கும் இராவிருந்துகளில் நீதிபதிகள், ஓவியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், தொண்டை பார்க்கும் வைத்தியர் ஒருவர், நாடகக் கொட்டகையில் தன்னைக் கண்டதாக யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகப் பின்கதவால் வந்துபோன ஒரு மேற்றிராணியார், அதாவது பிஷப், என்று ஒரு கூட்டம் இருந்தது. யாருக்குப் பக்கத்தில் யார், யார் யாரோடு கதையில்லை, யாருடைய மனைவிக்கு எந்தக் கதிரை என்பதையெல்லாம் மர வியாபாரியின் மனைவிக்கு விவரமாக எழுதுவார். அந்த அம்மா ஆற்றங்கரையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு இதை வாசித்திருப்பாள்.

இத்தனை பெரிய வட்டத்தையும் அவர் கடிதங்களாலேயே கட்டி வைத்திருந்தார். காலையில் படுக்கையை விட்டு எழும்புவதற்கு முன்பே ஒரு கட்டு எழுதிவிடுவார். ஒவ்வொரு கடிதத்திலும் பயம் இருந்தது. சமையலில் உப்பைப் போல, அளவு கூடாமல், தவறாமல். இந்த முறை வருவார்களா? போன முறை வராதவர் இனி வருவாரா? முதல் நாள் மேடையில் திரைத் துணியின் ஓட்டைக்குள் கண்ணை வைத்து, வெறும் கதிரைகளைப் பார்த்தபடி நின்றதை ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை வாசித்த அன்று நான் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவருக்கு வந்த பதில்கள் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. போன கடிதங்கள் மட்டும்தான். பதில் வந்ததா இல்லையா என்று தெரியாத கடிதங்களிலிருந்துதான் நான் கடிதம் எழுதும் கலையைக் கற்றேன். இதை முதலிலேயே யோசித்திருக்கலாம்.

ஒரு வருடத்துக் கடிதங்கள் எல்லாம் தடித்த கறுப்புக் கரையோடு இருந்தன. என் மேலதிகாரி ஒரு நோர்வேஜியப் பெண்மணி. அவர் சொன்னார்: நாடகக்காரரின் தாயார் இறந்திருக்கிறார், அந்தக் காலத்தில் துக்கம் உள்ளவர்கள் கரை போட்ட தாளில்தான் எழுதுவார்கள், மாதம் செல்லச்செல்லக் கரை மெலியும். அப்படியே மெலிந்தது. கடைசிக் கடிதங்களில் பாலாடை நிறத் தாளைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு மட்டும். அவ்வளவு வடிவான தாளை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. துக்கம் எவ்வளவு மெலிந்தால் அழகாகிறது என்று ஒரு வசனம்கூட மனதில் எழுதிப் பார்த்தேன். நிலவறையில் அதிக நேரம் இருந்தால் மனிதனுக்கு இப்படித்தான் வரும்.

அந்த நேரத்தில்தான் மகளின் அரங்கேற்றம் வந்தது.

மகள் இங்கே பிறந்தவள். மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடம். சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைகளில் மோர்டென்ஸ்ருட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பரதம் பழகினாள். பழக்கிய ஆசிரியை சென்னையிலிருந்து கணவரின் கணினி வேலையோடு வந்தவர். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் எல்லாம் இலண்டனிலிருந்து வரவேண்டும். அவர்களுக்கு வசதிப்பட்டது நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும்தான்.

"வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும். இப்பவே தொடங்கினாத்தான் சரிவரும்," என்றாள் மனைவி.

எங்கள் ஆட்களிடம் அதுதான் முறை. அட்டை அடிப்பது வேறு. அட்டையைக் கையில் கொண்டுபோய், குங்குமம் கொடுத்து, ஒரு தேத்தண்ணி குடித்து, கட்டாயம் வரவேணும் என்று வாயால் சொன்னால்தான் அழைத்ததாகும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் அப்போது நீதிபதிகளோடும் மேற்றிராணியாரோடும் புழங்கிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையாலை கடிதம் எழுதப்போறன்," என்றேன். "அச்சடிச்ச அட்டை ஆருக்கும் ஞாபகம் நிக்காது. கையெழுத்து நிக்கும்."

"நிக்கும்," என்றாள். அவள் சொன்ன விதத்தில் அது சம்மதம் மாதிரித்தான் கேட்டது.

நகரத்தில் ஒரு பழைய கடையில் பாலாடை நிறத் தாளும் உறையும் கிடைத்தன. சுற்றிவர மெல்லிய கரை. உறையிலும் அதே கரை. கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். மனைவி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதென்ன, அந்தியேட்டி காட் மாதிரிக் கிடக்கு?"

அந்தியேட்டி என்பது எங்கள் ஊரில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. அதற்கு அடிக்கிற அட்டையில் கறுப்புக் கரை போடுவார்கள்.

"இது கறுப்பில்லை. மண்ணிறம்."

"நவம்பரிலை இந்த நாட்டிலை எல்லாம் கறுப்புத்தான். சரி, மூலையிலை ஒரு பொட்டு மஞ்சளாவது பூசுங்கோ."

"மஞ்சள் பூசினால் மை ஊறும். உமக்கு ரசனை இல்லை."

"ரசனை உங்களிட்டை இருக்கட்டும். மஞ்சள் என்னட்டை இருக்கு. கேட்டால் தாறன்."

நான் கேட்கவில்லை. "தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அம்மாலைப் பொழுதைத் தங்கள் வருகையால் ஒளிபெறச் செய்வீர்கள் என நம்பத் துணிகின்றேன்" என்று எழுதினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதமாக, அவர்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சேர்த்து. கடைசியில், அன்புகூர்ந்து பதில் தருக என்றும் எழுதினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபோது இலண்டனில் யாரோ திரையைத் தூக்கியது போலிருந்தது.

ஒரு பதிலும் வரவில்லை.

முதல் வாரம் தபாலைப் பழித்தேன். இரண்டாம் வாரம் தபால் பெட்டியை நாளுக்கு இரண்டு முறை திறந்து பார்த்தேன். மகளின் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் எல்லோரும் குறுஞ்செய்தியில் பதில் போட்டுவிட்டார்கள். வருகிறோம், எங்களில் ஒருத்திக்குக் கடலை ஒத்துவராது என்பதுவரைக்கும். தமிழ் வீடுகளிலிருந்து மூச்சு இல்லை.

ஆசிரியை ஒத்திகையில் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், ஹால் ரொம்புமா? மிருதங்கக்காரர் லண்டன்லேர்ந்து வர்றார். காலி நாற்காலிக்கு வாசிக்கச் சொன்னா அவர் மூடே போயிடும். குழந்தைக்கும் அப்படித்தான். அரங்கேற்றத்தை ரெண்டாந்தடவை பண்ண முடியாது, தெரியும்ல?"

"ரொம்பும், ரொம்பும்," என்றேன். பயத்தில் எனக்கு இந்தியத் தமிழ் வந்துவிட்டது.

மகள் சலங்கையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ரயிலில் வரும்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா, என்ர கிளாஸ் முழுக்க வருது. அவையள் வந்து வெறும் கதிரையைத்தான் பாக்கப்போகினம். உன்ர ஆக்கள் எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? சரியான பின்லி."

பின்லி என்றால் நோர்வேஜிய மொழியில் மானக்கேடு. தமிழில் சொன்னால் என்னைத் திட்டியதாகிவிடும் என்று அவள் அந்தச் சொல்லைத்தான் எப்போதும் எடுப்பாள்.

அதற்குப் பிறகு விசித்திரமான சில காரியங்கள் நடந்தன. நிலக்கீழ் ரயிலில் தெரிந்த ஒருவர் என்னைக் கண்டதும் தலையை ஆழமாக அசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். இன்னொருவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார், அது அவர் இறங்குகிற நிறுத்தமுமில்லை. ஒரு மாலை வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே சுடச்சுட இடியப்பமும் சொதியும். யார் வைத்தது என்று தெரியாது. சாப்பிட்டோம். நல்ல சொதி.

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது அப்படியில்லை. ஊரில் போர் திரும்பவும் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஆட்கள் ஒருவரைக் கண்டு விலகிப் போனால் அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். யார் எந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, யார் எங்கே நின்று என்ன கதைத்தார் என்று பார்க்க இயக்கத்துக்கு இங்கேயும் கண்கள் இருந்தன. நான் பகிடி விடுகிற ஆள். பகிடி எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு கலியாண வீட்டில் நான் விட்ட ஒரு பகிடியை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அது அப்போதே அவ்வளவு நல்ல பகிடியுமில்லை. என் வாயால் மகளின் மண்டபம் வெறுமையாகப் போகிறதோ என்ற எண்ணம் வந்தது. மனைவிக்குச் சொல்லவில்லை. அவளும் தன் பங்குக்கு எதையோ நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை.

நகரத்துத் தமிழ்க்கடைக்கு வெங்காயம் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னை விட இளையவர், எந்நேரமும் சத்தம் போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு மேசையைச் சுற்றி வெளியே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அண்ணை, மனசைத் தளரவிடாதேங்கோ."

"ஏன்? என்ன நடந்தது?"

"சரி, சரி. சொல்லாதேங்கோ. நான் கேக்கேல்லை. நீங்கள் சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பிடியே இருக்கட்டும்."

அரிசி மூட்டையில் உட்கார்ந்தேன். "தம்பி, நான் ஆரைப் பற்றியும் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "அது சும்மா பகிடிக்குச் சொன்னது."

"என்ன பகிடி?"

"அப்ப நீர் எதைச் சொல்லுறீர்?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்கட கடிதம் வந்தது, அண்ணை. வீட்டிலை மனுசி கந்தசஷ்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். அண்டைக்குப் பாத்துக் கரை போட்ட உறை. கையெடுத்துக் கும்பிட்டிட்டுக் கொண்டுபோய்க் கராஜிலை வைச்சிட்டா. திறந்தால் அறிஞ்சதாப் போகும். அறிஞ்சால் துடக்கு. விரதம் அழிஞ்சிடும்."

இதை விளங்காதவர்களுக்கு: இனசனத்தில் ஒரு சாவு என்றால் வீட்டுக்குத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு. விரதமும் கோயிலும் நின்றுவிடும். ஆனால் துடக்கு தொடங்குவது உயிர் போன நேரத்தில் அல்ல, செய்தி காதில் விழுந்த நேரத்தில். தெரியாதவனுக்குத் துடக்கில்லை. ஆகவே கந்தசஷ்டி வாரத்தில் ஒஸ்லோவின் தமிழ் வீடுகளில் என் கடிதங்கள் கராஜிலும், சப்பாத்துத் தட்டிலும், பல்கனியிலும், திறக்கப்படாமல் மரியாதையாக வைக்கப்பட்டிருந்தன.

"தம்பி, அது மகளின்ர அரங்கேற்றக் கடிதம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அரங்கேற்றத்துக்கு ஏன் அண்ணை கரை?"

"அது மண்ணிறம்."

"மண்ணிறமோ! ஆர் செத்தது எண்டு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ? ஒரு பகுதி உங்கட மாமியார் எண்டுது. ஒரு பகுதி நீங்கள்தான் எண்டுது."

"நானோ? உறையிலை இருக்கிறது என்ர கையெழுத்து."

"அதைத்தான் நானும் சொன்னனான். ஆர் கேக்கினம்?"

"விரதம் முடிஞ்ச பிறகாவது திறந்திருக்கலாமே?"

"பேந்து ஆருக்கு மனம் வரும் அண்ணை, இந்த நாளையிலை? ஒவ்வொரு வீட்டிலையும் ஊரிலை ஒராள் நிக்குது. தெரியாமல் இருக்கிற வரைக்கும் இருப்பம் எண்டு விட்டதுதான்."

ஒரு சிலர் திறந்து வாசித்திருந்தார்கள் என்பதும் பிறகு தெரியவந்தது. அவர்கள் வேறு விதமாக வாயை மூடிக்கொண்டார்கள். மற்ற எல்லோரையும் வீட்டுக்குப் போய் அழைத்துவிட்டுத் தங்களுக்கு மட்டும் நான் தபால் போட்டுவிட்டேன் என்று நினைத்து, அந்த அவமானத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

மனைவி கதையைக் கேட்டாள். சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. அலுமாரியைத் திறந்து சிவப்புக் காஞ்சிபுரத்தை எடுத்தாள்.

அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரமே இருந்தது. வேலை முடிந்ததும் பேருந்திலும் ரயிலிலும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். அதிலும் ஒரு தொல்லை. கரை போட்ட கடிதம் வந்த வீட்டு வாசலில் கடிதம் போட்டவர்களே வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? கதவின் கண்ணாடிக்குள்ளால் எங்களைக் கண்டதும் உள்ளே நடந்துவந்த காலடி நின்றுவிடும். அந்த அமைதியில் நிற்பது போலக் கடினமானது வேறில்லை. மனைவி உறைபனியில் குளிர்ச்சட்டையை முழுக்கத் திறந்து சிவப்புச் சேலையைக் காட்டி, குங்குமச்சிமிழைக் கதவுக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். "நல்ல விஷயம், நல்ல விஷயம்!" என்று கத்துவாள். மாடிப் படிகளில் அக்கம்பக்கத்து நோர்வேக்காரர் கதவைத் திறந்து பார்ப்பார்கள். நான் பின்னால் பழத்தட்டோடு நிற்பேன்.

"மச்சான், செத்தவர் எழும்பி நடந்து வாறதை இண்டைக்குத்தான் கண்டனான்," என்றார் ஒருவர்.

"எழுதிற கையை ஒருக்கா காட்டும். அதுக்குக் கரை போடவேணும்," என்றார் இன்னொருவர்.

எல்லாவற்றையும் சிரித்து வாங்கிக்கொண்டேன். அப்படித் திட்டிய வீடுகள் வரும் என்று தெரியும். சிரிக்காத வீடுகள்தான் பயம்.

பியோர்ண்டாலில் இருந்த அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்தோம். மனைவியின் பெரியம்மாவின் மகள். எங்கள் பக்கத்தில் இங்கே உள்ளவர்களில் மூத்தவர். மனைவி கலியாணம் கட்ட ஒஸ்லோ வந்தபோது தாய் இடத்தில் நின்றவர். மகளின் அரங்கேற்றத்தில் அவர் முன்வரிசையில் இல்லாவிட்டால் மற்ற உறவுகளும் ஏதோ இருக்கிறது என்று நின்றுவிடும். அவர் எங்கள் தொலைபேசியை நாட்கணக்காக எடுக்கவில்லை.

"கோவம்தான்," என்றாள் மனைவி பேருந்தில். "அக்காவுக்குக் கடிதம் போட்டது பிழை. எனக்குப் பயமாக் கிடக்கு. கதவைத் திறக்காட்டி என்ன செய்யிறது?"

நானும் அதைத்தான் பயந்தேன். ஆனால் எங்கள் பயம் தப்பான பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம். இருட்டிவிட்டது. வீட்டில் வெளிச்சம் இல்லை. மணியை அடித்தோம். மனைவி சிமிழைத் தூக்கிப் பிடித்தாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. அக்கா மெலிந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. மனைவியின் நெற்றியை மட்டும் பார்த்தார்.

"பொட்டோடை வந்திருக்கிறாய்," என்றார்.

"ஓம் அக்கா. நல்ல விஷயமாத்தான் வந்தனாங்கள்."

"சேலை?"

"சிவப்பு, அக்கா. பாருங்கோ. பிள்ளைக்கு அரங்கேற்றம்."

அக்கா கதவைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். அப்படியே சப்பாத்துகளுக்கு நடுவில். நாங்கள் இருவரும் தூக்கினோம். உள்ளே கூட்டிக்கொண்டு போய் விளக்கைப் போட்டபோது சுவாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் என் உறையின் ஒரு மூலை தெரிந்தது. மேசையில் ஒரு குவளை பாலும் பாதி வாழைப்பழமும் இருந்தன.

"அக்கா, என்ன இது? சூரன்போர் முடிஞ்சு எவ்வளவு நாள்? இன்னும் விரதமோ?"

"முடிச்சால் அதைத் திறக்கவேணுமே," என்றார் அக்கா.

அக்காவின் தம்பி போர் நடக்கிற வன்னியில் இருந்தான். மாதங்களாக அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"எனக்கு நேரை சொல்லப் பயப்பிடுவினம் எண்டு தெரியும்," என்றார். "உங்களுக்குத்தான் முதல் சொல்லுவினம். நீங்கள் வாயாலை சொல்ல ஏலாமல் எழுதிப் போட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். தம்பி நல்லா எழுதக்கூடிய ஆள்தானே." தம்பி என்றது என்னை. "விரதம் இருக்கிற வரைக்கும் திறக்கத் தேவையில்லை. அதுதான் இருக்கிறன். அத்தானுக்கு வேற ஏதோ நேர்த்தி எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

நான் உறையை எடுத்துக் கிழித்தேன். கிழிக்கிற சத்தத்துக்கு அக்கா கண்ணை மூடினார்.

"வாசிக்கிறன், அக்கா."

"என்ர தம்பியின்ர பேர் இருக்கோ?"

"இல்லை."

"வாசி."

வாசித்தேன். தாங்களும் தங்கள் இல்லத்தாரும். அம்மாலைப் பொழுது. நம்பத் துணிகின்றேன். இவ்வளவு கூசி நான் ஒரு தமிழ் வசனத்தையும் வாசித்ததில்லை. முடித்ததும் அக்கா, "திருப்பி வாசி," என்றார். திருப்பி வாசித்தேன். மூன்றாம் முறை மனைவி என் கையிலிருந்து பறித்துவிட்டாள்.

"உப்பிடி எழுதினால் ஆருக்கு விளங்கும்?" என்றார் அக்கா. சிரித்த மாதிரி இருந்தது. பிறகு முந்தானையால் முகத்தை மூடினார். மனைவி குசினிக்குள் போய்ச் சோறு போட்டாள். பருப்பும் ஒரு கறியும் வைத்தாள். அக்கா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து, சின்னச் சின்னதாக, நெடுநேரம் எடுத்துச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தினார்.

"அப்ப அவனைப் பற்றி இன்னும் ஒண்டும் தெரியாதுதானே," என்றார்.

"இல்லை, அக்கா."

"அது படத்துக்குப் பின்னாலை இருக்கேக்கை, எனக்கு ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்தது. இப்ப திருப்பி ஒண்டும் தெரியாது."

கிழிந்த உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். குப்பையில் போட அந்த வீட்டில் மனம் வரவில்லை.

புறப்படும்போது, "வருவியளோ அக்கா?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"சின்னவள் ஆடேக்கை நான் இல்லாமலோ? வருவன். ஆனால் ஃபோனை நிப்பாட்டச் சொல்லக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கு நாங்கள் முதலில் போனோம். தொடங்குகிற நேரத்துக்கு மகளின் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வரிசையாக, முதுகை நிமிர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார். ஆசிரியை என்னைப் பார்த்தார். மகள் ஒப்பனை அறைக் கதவால் தலையை நீட்டினாள். மை போட்ட பெரிய கண்கள்.

"அப்பா?"

"பொறு. எங்கட ஆக்கள்தானே. வருவினம்."

வாசலில் போய் நின்றேன். வெளியே பனி தூவத் தொடங்கியிருந்தது. பேருந்து வந்து நின்று, யாரும் இறங்காமல் போனது. அடுத்த பேருந்து நிறையக் காஞ்சிபுரம் இறங்கியது. கார்கள் வந்தன. பிறகு நிற்கவேயில்லை. ஒவ்வொருவரும் என் முதுகில் தட்டிவிட்டு, என் கடிதத்தை எந்த இடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். கதிரை போதாமல் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகைகளை இழுத்துப் போட்டோம். மகளின் சிநேகிதிகள் தங்கள் மடியில் தெரியாத குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளை யார் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது.

அக்கா வந்தார். முன்வரிசையின் நடுவில் இருந்தார். அச்சடித்த நிகழ்ச்சித் தாளை நீட்டினேன். கையில் வாங்கவில்லை. "நீ வை. எனக்குத் தாள் வேண்டாம்," என்றார். இரண்டு கைகளுக்கும் நடுவில் தொலைபேசியைப் பிடித்திருந்தார்.

தொடக்க அறிவிப்பு என் பொறுப்பு. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். ஆசிரியை எழுதித் தந்த தாளில், தொலைபேசிகளை நிறுத்திவிடுமாறு இரண்டு மொழியிலும் சொல்லவேண்டும் என்று அடிக்கோடிட்டிருந்தது. நோர்வேஜிய மொழியில் சொன்னேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் உடனே குனிந்து நிறுத்தினார்கள். பிறகு தமிழுக்கு வந்தேன். முன்வரிசையைப் பார்த்தேன். எல்லோரையும் வரவேற்று, வணக்கம் சொல்லி, இறங்கிவிட்டேன்.

"சார், ஃபோன்?" என்று ஆசிரியை திரை மறைவிலிருந்து கிசுகிசுத்தார்.

"சொல்லியாச்சு," என்றேன்.

சலங்கை ஒலித்தது. நான் பக்கச் சுவரோடு நின்றேன். அங்கிருந்து மேடையும் தெரிந்தது, அக்காவின் கைகளும் தெரிந்தன. மண்டபத்தில் யாருடையதோ ஒரு தொலைபேசி ஒருமுறை அடித்தது. சிறிய சத்தம்தான். பல தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. அக்கா தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. மறுபடியும் மேடையைப் பார்த்தார்.

மகள் ஆடியதை நான் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன்.